ஒரு பெரிய எண்ணைப் பிரித்து அறிவது எப்படி: 19480204 ஐ வைத்து ஒரு வழிகாட்டி

எட்டு இலக்கமுள்ள ஒரு எண்ணைக் கொடுத்து "இதைப் பற்றி என்ன சொல்லலாம்?" என்று கேட்டால், நல்ல கணிதப் பிள்ளைகள்கூட இரட்டையா ஒற்றையா என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். கொழும்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் இது எனக்கு அடிக்கடி கண்ணில் படுகிறது. முதன்மை எண், காரணி, நிறைவர்க்கம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் பாடப் புத்தகத்தில் வருவதெல்லாம் 36, 72, 120 மாதிரிப் பழக்கமான எண்கள், அதனால் பெரிய எண்ணைப் பார்த்ததும் தங்களிடம் உள்ள கருவிகள் அங்கேயும் வேலை செய்யும் என்று தோன்றுவதில்லை. வேலை செய்யும். ஒரு கொப்பி, ஒரு பேனை, சாதாரண எட்டு இலக்கக் கல்குலேட்டர் போதும்.

எடுத்துக்கொள்ளப் போகும் எண் 19480204. 1948 பெப்ரவரி 4, இலங்கை சுதந்திரம் பெற்ற நாள், ஆண்டு மாதம் நாள் என்று ஒட்டி எழுதியது. இந்த எண்ணை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இதைக் கணிதத்துக்காக யாரும் தயாரிக்கவில்லை, "விடை அழகாக வரட்டும்" என்று பார்த்துப் பொறுக்கியதும் இல்லை, அதே நேரம் யாருக்கும் மறக்காது. உங்கள் பிறந்த நாளையும் இப்படி எழுதிக்கொண்டு பக்கத்தில் வைத்து, கூடவே செய்துகொண்டு வாருங்கள். வாசித்துக்கொண்டு மட்டும் போனால் இதில் பாதி கையில் ஒட்டாது.

முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். எண்ணை முதன்மைக் காரணிகளாகப் பிரிப்பதுதான் வேலை, மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். இணையத்தில் ஓர் எண்ணைப் போட்டால் ஐம்பது அறுபது பெயர்களை வரிசையாகக் காட்டுகிற பக்கங்கள் உண்டு, அந்தப் பட்டியலைப் பார்த்து எண்ணைப் புரிந்துகொண்டதாக நினைக்க வேண்டாம்.

பிரிக்க ஆரம்பிக்க முன் வர்க்கமூலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 4413 இன் வர்க்கம் 19474569, 4414 இன் வர்க்கம் 19483396. நமது எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது: இது நிறைவர்க்கம் இல்லை, அத்துடன் 4413 வரைக்கும் உள்ள எந்த முதன்மை எண்ணாலும் (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பகா எண் என்பார்கள்) வகுபடவில்லை என்றால் இதுவே முதன்மை எண். அந்த எல்லைக்குள் சுமார் 600 முதன்மை எண்கள் இருக்கின்றன. எந்த எட்டு இலக்க எண்ணை எடுத்தாலும் அதன் வர்க்கமூலம் 10000 க்குக் கீழேதான், அதற்குள் 1229 முதன்மை எண்கள். கையால் செய்ய நிறையத்தான், ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டி வருவது குறைவு.

இப்போது எளிய சோதனைகள். கடைசி இரண்டு இலக்கம் 04, ஆகவே 4 ஆல் வகுபடும். வகுத்தால் 4870051. இது ஒற்றை எண், 5 இல் முடியவும் இல்லை, ஆகவே 2 உம் 5 உம் முடிந்தது. மூல எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 1+9+4+8+0+2+0+4 = 28, அதைக் கூட்டினால் 10, பிறகு 1. இலக்கச் சுட்டி 1 என்பதால் 3 ஆலும் 9 ஆலும் வகுபடாது. இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: நிறைவர்க்கங்களின் இலக்கச் சுட்டி 1, 4, 7, 9 என்ற நான்கில் ஒன்றாகத்தான் வரும், கடைசி இலக்கமாக 4 வரலாம் என்பதும் தெரிந்ததே. நமது எண் இரண்டு சோதனையிலும் தேறுகிறது, ஆனாலும் அது நிறைவர்க்கம் இல்லை என்று ஏற்கெனவே கண்டோம். இந்தச் சோதனைகளுக்கு "இல்லை" என்று சொல்லும் அதிகாரம் மட்டும்தான் உண்டு, "ஆம்" என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. பரீட்சையில் பல பிள்ளைகள் இதை மாற்றிப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இதைப் பள்ளிக்கூடத்தில் ஏன் இன்னும் பரவலாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை. 7, 11, 13 மூன்றுக்கும் தனித்தனியாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 7 × 11 × 13 = 1001. 1000 என்பது 1001 ஐ விட ஒன்று குறைவு. அதனால் எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்து, மறுபடி அடுத்ததைக் கூட்டி என்று போனால், வருகிற சிறிய எண் 7, 11, 13 ஆல் வகுபட்டால் பெரிய எண்ணும் வகுபடும். வகுபடாவிட்டால் வகுபடாது. செய்து பார்ப்போம்: 19 | 480 | 204. 204 − 480 + 19 = −257. 257 ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 5, 11 ஆல் வகுத்தால் மீதி 4, 13 ஆல் வகுத்தால் மீதி 10. மூன்றும் ஒரே கணக்கில் போய்விட்டது.

அதே வெட்டை இன்னொரு விதமாகவும் பயன்படுத்தலாம். 999 = 27 × 37. 1000 என்பது 999 ஐ விட ஒன்று கூட, அதனால் இந்த முறை கழிக்காமல் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். 19 + 480 + 204 = 703. 703 என்றால் 37 × 19. ஆக 19480204 என்ற எண் 37 ஆல் மீதியில்லாமல் வகுபடும்! பெரிய வகுத்தல் ஒன்றுமே செய்யாமல், மூன்று சிறிய எண்களைக் கூட்டியதில் இது கிடைத்துவிட்டது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்போது அவர்கள் உடனே போன் இலக்கம், ரியூசன் அட்டை இலக்கம் என்று எல்லாவற்றையும் மூன்று மூன்றாக வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள், வெட்டட்டும்.

4870051 ஐ 37 ஆல் வகுத்தால் 131623. இனிமேல் குறுக்கு வழி இல்லை, கல்குலேட்டரை எடுத்து வரிசையாக வகுக்க வேண்டியதுதான். 17 இல் மீதி 9, 19 இல் மீதி 10, 23 இல் 17, 29 இல் 21, 31 இல் 28. 37 ஐ மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு முறை வகுபட்டது இரண்டாம் முறையும் வகுபடலாம். மீதி 14, ஆகவே இல்லை. 41 இல் மீதி 13. 43 இல் 43 × 3061 = 131623, சரியாக வகுபடுகிறது.

மிச்சம் 3061. இது முதன்மை எண்ணா? 55 இன் வர்க்கம் 3025, 56 இன் வர்க்கம் 3136, ஆகவே 55 வரை பார்த்தால் போதும். அதிலும் 41 வரைக்கும் எல்லாம் முன்பே விலக்கியாகிவிட்டது, ஏனென்றால் 131623 ஐ வகுக்காத ஒரு எண் அதன் காரணியான 3061 ஐயும் வகுக்காது. பாக்கி 43, 47, 53 மட்டும்தான். மீதிகள் முறையே 8, 6, 40. ஆக 3061 முதன்மை எண்.

19480204 = 2² × 37 × 43 × 3061

600 முதன்மை எண்களைப் பார்க்க வேண்டி வரலாம் என்று ஆரம்பித்தது, 53 இலேயே முடிந்துவிட்டது. ஒவ்வொரு காரணி கிடைக்கும்போதும் மிச்ச எண் சிறிதாகிறது, அதோடு எல்லையும் இறங்குகிறது. எண்ணைச் சுருக்கிக்கொண்டே போகாமல் மூல எண்ணையே திரும்பத் திரும்ப வகுத்துக்கொண்டிருப்பவர்கள்தான் களைத்துப் போகிறார்கள்.

சரி, இனி வகைப்படுத்தல். இது முதன்மை எண் இல்லை, சேர்த்தி எண். மொத்தக் காரணிகள் எத்தனை? ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 2 × 2 × 2 = 24. எட்டு இலக்க எண்ணுக்கு 24 என்பது கூடவா குறைவா என்று அறிய 17297280 ஐப் பாருங்கள். அது நமது எண்ணை விடச் சிறியது, ஆனால் அதற்கு 512 காரணிகள் உண்டு. 2⁷ × 3³ × 5 × 7 × 11 × 13 என்று சிறிய முதன்மை எண்களாலேயே ஆனது. தன்னை விடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான் இராமானுஜன் 1915 இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நமது எண் அந்தக் குடும்பம் இல்லை. அதற்குள்ளே 3061 என்ற ஒரு பெரிய முதன்மை எண் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அடுத்து, காரணிகளின் கூட்டுத்தொகையை வைத்துச் செய்யும் வகைப்படுத்தல். இது மிகப் பழையது, கிட்டத்தட்ட கி.பி. 100 இல் நிக்கோமாக்கஸ் என்ற கிரேக்கக் கணிதவியலாளர் எழுதி வைத்தது. ஒரு எண்ணின் காரணிகளில் அந்த எண்ணைத் தவிர்த்து மற்றவற்றைக் கூட்டினால் அதே எண் வந்தால் நிறைவெண், குறைந்தால் குறைவெண், கூடினால் மிகையெண். 6 நிறைவெண், 28 உம் நிறைவெண். நமது எண்ணுக்கு 24 காரணிகளையும் எழுதிக் கூட்டத் தேவையில்லை. 2² க்கு 1+2+4 = 7, மற்ற மூன்றுக்கும் ஒன்று கூட்டினால் 38, 44, 3062. நான்கையும் பெருக்கினால் 35837648. எண்ணையே அதிலிருந்து கழித்தால் 16357444. 19480204 ஐ விடக் குறைவு, ஆகவே குறைவெண்.

பெருக்காமலேயே இதை ஊகிக்கவும் வழி உண்டு. 7/4 × 38/37 × 44/43 × 3062/3061 என்று பின்னமாக எழுதினால் ஏறக்குறைய 1.84 வருகிறது. இது 2 ஐத் தொட்டால் நிறைவெண், தாண்டினால் மிகையெண். பின்னங்களைப் பார்த்தாலே எது எவ்வளவு தள்ளுகிறது என்று தெரியும்: 2² மட்டும் 1.75 வரை கொண்டுபோகிறது, பெரிய முதன்மை எண்கள் ஏறக்குறைய எதுவும் சேர்ப்பதில்லை. உள்ளே ஒரு 3 இருந்திருந்தால் 4/3 ஆல் பெருகி எல்லையைத் தாண்டியிருக்கும். 6 ஐ விடப் பெரிய 6 இன் மடங்குகள் எல்லாமே மிகையெண்கள்தான். நிறைவெண்கள் எவ்வளவு அரிது என்பதற்கு இது போதும்: எட்டு இலக்க எண்களில் 33550336 என்ற ஒன்றே ஒன்றுதான் நிறைவெண். ஒற்றை நிறைவெண் ஒன்று எங்காவது உண்டா என்பது இன்றைக்கும் தீராத கேள்வி.

சில விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 4 என்ற நிறைவர்க்கத்தால் வகுபடுவதால் இது வர்க்கக் காரணி இல்லாத எண் அல்ல, அதனால் மெபியஸ் சார்பின் (வர்க்கக் காரணி உள்ள எண்களுக்கெல்லாம் 0 தருகிற ஒரு சார்பு) பெறுமானம் 0. 1 முதல் இந்த எண் வரைக்கும் இதோடு பொதுக் காரணி (1 தவிர) இல்லாதவை எத்தனை என்ற, கணிதவியலாளர் ஒயிலரின் கணக்குக்கு விடை 2 × 36 × 42 × 3060 = 9253440.

வர்க்கங்களின் பக்கம் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? தேடிப் பார்க்கவே வேண்டாம், காரணிகளே பதில் சொல்லும். 4 ஆல் வகுத்தால் மீதி 3 வருகிற முதன்மைக் காரணி எதுவும் ஒற்றை அடுக்கில் இருக்கக்கூடாது என்பதுதான் விதி. 37 ஐ வகுத்தால் மீதி 1, அது 6² + 1². 3061 க்கும் மீதி 1, அது 55² + 6². ஆனால் 43 ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 3, ஒரே ஒரு தடவைதான் இருக்கிறது. அந்த ஒரு 43 போதும், முழு எண்ணுக்கும் கதவு மூடிவிட்டது. மூன்று வர்க்கங்களாக எழுதலாம்: 4 களையெல்லாம் வகுத்து நீக்கிய பின் மிஞ்சுவதை 8 ஆல் வகுத்து மீதி 7 வந்தால்தான் அது முடியாது, 4870051 க்கு மீதி 3. நான்கு வர்க்கங்கள் எந்த எண்ணுக்கும் போதும் என்று லக்ராஞ்சி என்ற கணிதவியலாளர் 1770 இல் நிறுவினார். நமது எண்ணுக்கு அதைக் கையாலேயே காணலாம். 4413² ஐக் கழித்தால் மிச்சம் 5635, அதில் 75² = 5625 ஐக் கழித்தால் 10, அது 9 + 1. ஆக

19480204 = 4413² + 75² + 3² + 1²

ஒவ்வொரு முறையும் இயன்ற அளவு பெரிய வர்க்கத்தைக் கழிக்கிற இந்த முறை எல்லா எண்ணுக்கும் நான்கில் முடியும் என்று நினைக்க வேண்டாம். 23 க்குச் செய்து பாருங்கள், 16 + 4 + 1 + 1 + 1 என்று ஐந்துக்குப் போய்விடும், ஆனால் 9 + 9 + 4 + 1 என்று நான்கில் எழுதலாம்.

வர்க்க வித்தியாசம் இன்னும் எளிது. 4ab = (a+b)² − (a−b)² என்பது சாதாரண தரத்தில் படித்ததுதான். 4870051 ஐ 1591 × 3061 என்று எழுதினால் (37 × 43 = 1591), கூட்டல் 4652, வித்தியாசம் 1470. ஆக 4652² − 1470² = 19480204. கல்குலேட்டரில் அடித்துப் பாருங்கள்: 21641104 இலிருந்து 2160900 போனால் சரியாக வரும். 4870051 ஐ இரண்டாகப் பிரிக்க நான்கு வழி இருப்பதால் இப்படி எழுதவும் நான்கே வழி, மற்ற மூன்றையும் நீங்களே காணலாம்.

இலக்கங்களை வைத்துப் பெயர் சூட்டும் வகைகளும் உண்டு. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் பெயரிட்ட ஹர்ஷத் எண்கள் அதில் ஒன்று, தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் எண் என்று அர்த்தம். நமது கூட்டுத்தொகை 28. 4 ஆல் வகுபட்டாலும் 7 ஆல் வகுபடாது, ஆகவே இல்லை. ஆனால் முந்தைய நாளான 19480203 ஐப் பாருங்கள், கூட்டுத்தொகை 27, 27 × 721489 = 19480203, அது ஹர்ஷத் எண். ஸ்மித் எண் என்று இன்னொன்று, 1982 இல் ஆல்பர்ட் விலான்ஸ்கி என்ற கணிதவியலாளர் தன் மைத்துனரின் டெலிபோன் இலக்கத்தில் கவனித்தது: எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகையும் முதன்மைக் காரணிகளின் இலக்கக் கூட்டுத்தொகையும் சமமாக வர வேண்டும். நமக்கு 28 உம் 2+2+10+7+10 = 31 உம், ஆகவே இல்லை. இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 182, 69, 117, 51, 26, 40, 16, 37 என்று போய் 1 க்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆகவே மகிழ் எண்ணும் இல்லை.

இவற்றில் எனக்கு ஆர்வம் உண்டு, பிள்ளைகளைக் கணக்குக்குள் இழுக்க நல்ல வழி. ஆனாலும் இவற்றை முன்சொன்ன வகைகளோடு ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஹர்ஷத், ஸ்மித், மகிழ் எண் எல்லாம் நாம் பத்தின் அடியில் (0 முதல் 9 வரையான பத்து இலக்கங்களை வைத்து) எழுதுகிறோம் என்பதால் வருகிற குணங்கள். இதே அளவை இரண்டின் அடியில் (0, 1 மட்டும் வைத்து) எழுதினால் 25 இலக்கம் வரும், அதில் 12 ஒன்றுகள், அப்போது இலக்கக் கூட்டுத்தொகையே 12 ஆகிவிடும். ஆனால் எந்த அடியில் எழுதினாலும் 43 அதன் காரணிதான், குறைவெண் குறைவெண்தான், இரண்டு வர்க்கங்களாகப் பிரியாதது பிரியாதுதான். ஓர் எண்ணைப் பற்றி யாராவது ஒரு குணத்தைச் சொன்னால், "இது எண்ணின் குணமா, எழுதிய விதத்தின் குணமா?" என்று முதலில் கேட்டுப் பழகுங்கள்.

எண் இன்னும் பெரிதானால்? 12 இலக்கம் வரைக்கும் வகுத்துப் பார்க்கும் முறையே போதும், ஆனால் கணினி வேண்டும், ஏனென்றால் பத்து இலட்சத்துக்குள் 78498 முதன்மை எண்கள் இருக்கின்றன. லினக்ஸ் கணினியில் ஃபாக்டர் என்ற கட்டளைக்குப் பின்னால் எண்ணை எழுதினால் உடனே பிரித்துத் தரும். புதிய தேசிய அடையாள அட்டை இலக்கமும் 12 இலக்கம்தான், பலருக்கு முதலில் தோன்றுவதும் அதைப் போட்டுப் பார்ப்பதுதான். அதில் பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் (பெண்களுக்கு 500 கூட்டி) அப்படியே இருக்கிறது, ஆகவே உங்கள் சொந்தக் கணினியில் செய்யுங்கள், முன்பின் தெரியாத இணையப் பக்கத்தில் தட்ட வேண்டாம். நூற்றுக்கணக்கான இலக்கம் என்றால் கதை வேறு. முதன்மை எண்ணா இல்லையா என்று அறிவது அங்கேயும் முடியும் (2002 இல் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த அகர்வால், கயால், சக்சேனா மூவரும் அதற்கு உறுதியான வேகமான முறை உண்டு என்று நிறுவினார்கள்), ஆனால் இரண்டு பெரிய முதன்மை எண்களின் பெருக்கத்தைப் பிரிப்பது அப்படி எளிதல்ல. இணையப் பாதுகாப்பின் ஒரு பெரும் பகுதி அந்தக் கஷ்டத்தின் மேல்தான் நிற்கிறது.

பயிற்சிக்கு ஒன்று: 19720522, இலங்கை குடியரசான நாள். இதன் இலக்கக் கூட்டுத்தொகையும் 28 தான். மூன்று மூன்றாக வெட்டினால் 7, 11, 13, 37 எதுவும் அகப்படாது, ஆகவே 2 ஐ எடுத்தபின் 17 இலிருந்து வகுக்க வேண்டும். 2 × 23 × 29 × 14783 வந்தால் சரி. 14783 முதன்மை எண் என்பதை 121 வரை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், பிறகு காரணிகள் 16, குறைவெண், வர்க்கக் காரணி இல்லை, 23 இருப்பதால் இரண்டு வர்க்கங்களாகவும் எழுத முடியாது என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.